பட்டைக்குக் கீழே

வீட்டில் மீன் ஆக்கி ஒரு கிழமைக்கு மேலாகியிருந்தது. அப்படியிருக்க, படுக்கையறைக்குள் மீன் வாடை அடித்தது.

ருக்கியா முதலில் பூனையின் மேல்தான் பழியைப் போட்டாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அலுமாரிக்குப் பின்னால் விளக்குமாற்றை விட்டுத் துழாவினாள். தலையணை உறைகளைக் கழற்றி ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். பூனையும் இல்லை, பூனை இழுத்து வந்து போட்ட எதுவும் இல்லை. சாம்பிராணி போட்டாள். புகை அறையெல்லாம் சுற்றி ஜன்னல் வழியாக வெளியேறி முடிந்ததும், குடையை மறந்துவிட்டுப் போன விருந்தாளி மாதிரி வாடை மெல்லத் திரும்பி வந்தது. அழுகல் என்று சொல்ல முடியாது. மீன் கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றி, அது காய்ந்து, அதன்மேல் மறுபடி மழை விழுந்தால் ஒரு ஈரமும் கவிச்சியும் எழும்புமே, அந்த வாடை. விட்டு விட்டு வந்தது. அவள் எழுந்து தேடினால் போய்விடும். உட்கார்ந்து கூந்தலை முன்னால் போட்டுச் சீவத் தொடங்கினால் வந்துவிடும்.

பூனைக்கு அடுத்தபடி அவள் சந்தேகப்பட்டது புருஷனை.

சந்தேகப்படாமல் என்ன செய்வாள்? கல்யாணம் முடித்த நாள் தொட்டு ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டில், அவளோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன் நளீர். அவன் ஒருநாள் திடீரென்று, "எனக்குத் தனியா ஒரு பீங்கான்ல போடு" என்றான். ஏன் என்றால், வயிறு சரியில்லையாம். வயிறு சரியில்லாதவன் பீங்கானை வழித்து நக்கியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்து பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு, கொக்கோக் கொட்டை காயப்போடும் அறைக்குப் படுக்கப் போனான். கேட்டால் இருமலாம். அந்த இருமலை அவள் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. வலிக்காத வயிறு, இருமாத இருமல், வீட்டுக்குள் மீன் வாடை. இதையெல்லாம் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் எந்தப் பொம்பிளைக்கும் ஒரே விடைதான் கிடைக்கும். கண்டி மார்க்கெட்டுப் பக்கம் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் எவளோ ஒருத்தி!

வரட்டும், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே கேட்கிறேன் என்று ருக்கியா கறுவிக்கொண்டாள். ஆனால் கேட்கவில்லை. ஒன்று அவளைத் தடுத்தது. வேறொருத்தியிடம் போய்வருகிற ஆம்பிளை பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க மாட்டான். நளீர் பார்த்தான். அவள் அம்மி அரைக்கும்போது பார்த்தான், தண்ணீர் அள்ளும்போது பார்த்தான், முந்தானை விலகினால் கழுத்தைப் பார்த்தான். ஆசையாகப் பார்த்தால் அவளுக்குத் தெரியாதா? இது வேறு. தோட்டத்தில் மரத்துக்கு முன்னால் நின்று அவன் பார்க்கிற பார்வை இது.

குண்டசாலையில் அப்போது மரத்தைப் பார்த்துப் பயப்படாத தோட்டக்காரன் இல்லை. மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆளை அள்ளிக்கொண்டு போனதற்கு மறு வருஷம் அது. அந்தக் காய்ச்சலுக்கு ருக்கியா மூத்த மகனைக் கொடுத்தாள். மிஞ்சியது நாலு வயது ரபீகா ஒருத்திதான். அந்தப் பிள்ளை தும்மினாலே ருக்கியாவுக்கு நெஞ்சு அடைத்துப்போகும். மழை திரும்பியதும் கொக்கோவில் புற்று விழுந்தது. நளீரின் வாப்பா வைத்த தோட்டம். சிவந்த காய் காய்க்கிற பழைய சாதி. வாசத்துக்குப் பேர் போனது, நோய்க்கு முதலில் விழுவதும் அதுதான். அந்தப் புற்றின் சூழ்ச்சி என்னவென்றால், அது பட்டைக்குக் கீழே இருக்கும். மேலே மரம் ஜம்மென்று நிற்கும். இலை பச்சையாக, தண்டிலேயே பூப் பூத்து, தண்டிலேயே காய் தொங்கிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நிற்கும். கத்தியால் மேல்பட்டையைக் கொஞ்சம் சுரண்டினால்தான் தெரியும். நல்ல மரம் என்றால் உள்ளே தேங்காய்ச் சொட்டு மாதிரி வெளுத்திருக்கும். புற்று என்றால் மங்குஸ்தான் தோலைப் பிழிந்த நிறம்.

மற்றவர்கள் மரத்தைத் தறித்துவிட்டு மஞ்சள் காய்க்காரச் சாதியை நட்டார்கள். நளீர் மாட்டேன் என்றான். இந்தச் சிவப்புச் சாதியிலேயே நோய் பிடிக்காத ஒரு மரம் இருக்கும், அதைக் கண்டுபிடித்து அதிலிருந்து கன்று எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றான். விவசாய இலாகாக் கந்தோரிலிருந்து வந்த ஒரு துரை செய்து காட்டிவிட்டுப் போன வழி அது. நல்ல மரத்தின் பட்டையில் பெருவிரல் நகமளவுக்கு ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். அந்த மூடியைத் தூக்கி, நோய் மரத்தின் பட்டைச் சீவல் ஒன்றை உள்ளே செருகி, மூடி, ஈரத்துணி சுற்றி வாழைநாரால் கட்டிவிட வேண்டும். கொஞ்ச நாளில் அவிழ்த்துச் சுரண்டிப் பார்த்தால் சிவப்பு ஜன்னலைத் தாண்டி ஓடியிருந்தால் கோடரிதான். ஓடாமல் ஜன்னலளவோடு நின்றிருந்தால் அதுதான் தாய்மரம். அதன் பூவை எடுத்து இன்னொரு தாய்மரத்தின் பூவில் தொட்டு வைத்து, காய் பிடித்தால் விதை எடுக்கலாம்.

சொல்வது அவன், செய்வது ருக்கியா. அவனுடைய விரல்கள் தடி. சீவலும் பிய்ந்துபோகும், பூவும் நசுங்கும். எனவே நோய்ச் சீவலை நகத்தால் தள்ளிச் செருகுகிற வேலை அவளுக்கு வந்தது. அந்தப் பருவம் முழுக்க அவள்தான் செருகினாள். நகக்கண்ணில் ஏறிய சிவப்பு சவர்க்காரத்துக்கும் புளிக்கும் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும், மருதாணி என்று நினைத்துக்கொள்கிறேன் என்று சிரித்தாள்.

அடைமழை தொடங்குவதற்கு முந்திய மூட்டமான ஒரு காலையில், மூக்காயிக்கு அவள் பிளேன்டீ கொண்டுபோனாள். மூக்காயி கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது இங்கே வேலைக்கு வந்தவள். மரம் சுரண்டுவதும் கறுத்த காய்களைப் பறித்துச் சுண்ணாம்புக் குழியில் புதைப்பதும் அவள் வேலை. கொக்கோ மரங்களுக்குள் எப்போதும் ஒரு அரை இருட்டு. காய்ந்த இலைகள் காலுக்குக் கீழே நொறுங்கும் சத்தமும், எங்கோ ஒரு மரத்தில் மூக்காயியின் கத்தி சரக், சரக் என்று உரசும் சத்தமும்தான் கேட்டன. தேத்தண்ணியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு ருக்கியா கொஞ்சம் தள்ளி நின்றாள். மூக்காயி அதை எடுக்கவில்லை. ஆவி அடங்கி, ஆறிப்போய், ஓர் எறும்பு விழுந்து மிதக்கும்வரை எடுக்கவில்லை.

"ஏன் மூக்காயி, தேத்தண்ணி குடிக்கல்லயா?"

"வேணாங்கம்மா. வயிறு சரியில்ல."

ருக்கியாவுக்குச் சுரீர் என்றது. அதே வயிறு! புருஷனுக்கும் வேலைக்காரிக்கும் ஒரே சாக்கு எப்படி வாயில் வரும்? பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவளை வெளியே வைத்துவிட்டு எதையோ பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோபத்தை விழுங்கிக்கொண்டு வேறு பக்கமாகத் தூண்டில் போட்டாள்.

"ஊட்டுக்குள்ள ஒரே மீன் வாடையா ஈக்கி மூக்காயி. எங்கேருந்து வருதோ தெரியா."

சரக் சத்தம் நின்றது.

"அது மீனு வாடை இல்லீங்கம்மா" என்றாள் மூக்காயி, மரத்தைப் பார்த்தபடி. "கறுத்த காயி வாடை. குழியில கொட்டுறோம்ல, அதுல இந்த வாடைதான் வரும். நீங்க குழிப்பக்கம் வர்றதில்ல, ஒங்களுக்குத் தெரியாது."

"அப்ப அவர்ட சாரம் சட்டையில ஒட்டிக்கிட்டு வருது."

"மொதலாளி துணிய நாந்தானே தொவைக்கிறேன். அதுல இல்லீங்க."

"பொறகு எதுல?"

ருக்கியா ஒரு அடி கிட்டப் போனாள். மூக்காயி ஒரு அடி பின்னால் போனாள். பிறகு, அழப்போகிறவள் மாதிரி குரல் இறங்கி, "மேல பாத்தா ஒண்ணுமே தெரியாதும்மா, அதான் பாவம்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டாள். மரத்தைத்தான் சொன்னாள் என்று ருக்கியா நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து நளீர் பிள்ளையைப் பிரிக்கத் தொடங்கினான்.

"ரபீகா என்னோட படுக்கட்டும்" என்றான். "புள்ளக்கி நான் குளிப்பாட்டுறன்" என்றான். எந்த வாப்பா பெண்பிள்ளையைத் தானே குளிப்பாட்டுவான்? தன் பீங்கானிலேயே அவளுக்கும் ஊட்டினான். ரபீகா ஓடிவந்து ருக்கியாவின் கழுத்தைக் கட்டப் போனால் நடுவில் வந்து தூக்கிக்கொண்டான். ருக்கியாவுக்கு இப்போது எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. தலாக் சொல்லப் போகிறான். சொல்லு, சொல்லித் தொலை, ஆனால் பிள்ளையையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான், அதற்குத்தான் இப்போதே அவளைத் தாயிடமிருந்து பிரித்துப் பழக்குகிறான்! மூத்தவனை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று. இவளை எவளோ ஒரு மீன்காரிக்குக் கொடுப்பதா? ருக்கியா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள், சாவித்துவாரத்தில் பார்த்தாள், வெற்றுக் காலால் நடந்தாள். தன் சொந்த வீட்டில் திருடி மாதிரி நடந்தாள். கொக்கோ அறையிலிருந்து நொதித்த கொட்டையின் புளிப்பு வாசம் வந்தது; உள்ளே நளீர் பிள்ளையிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்வதும், பிள்ளை "ம்" கொட்டுவதும் கேட்டன; பிறகு துணி கிழிபடும் சத்தம்; பிறகு நீண்ட நேரத்துக்கு ஒன்றும் இல்லை.

அடைமழை ஒரு மத்தியானம் வந்து இறங்கியது. தகரக் கூரையில் கல்லை வாரிக் கொட்டியது போல இரைச்சல். காலையிலிருந்தே மரங்களுக்குக் கால்வாய் வெட்டப் போன நளீர் திரும்பவில்லை. ரபீகா, வாப்பா இருத்திவிட்டுப் போன இடத்திலேயே, விறாந்தையில் தனியாக உட்கார்ந்து ஓட்டைச் சிரட்டையில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் புழுக்கத்திலும் அவளுக்கு நீளக்கைச் சட்டை. ருக்கியா அவளை வாரி எடுத்து உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். எத்தனை நாளாயிற்று! பிள்ளையின் வியர்வை, தேங்காய் எண்ணெய், பிசுபிசுத்த சின்ன விரல்கள். முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். தோளைப் பிடித்து அணைத்தபோது சட்டைக்குள் ஏதோ தடித்துத் தட்டுப்பட்டது.

கையை மடித்து ஏற்றினாள்.

மேல்கையில் ஈரத்துணி. அதைச் சுற்றி வாழைநார்.

அந்தக் கட்டை அவளுக்குத் தெரியாதா? மரம் மரமாகக் கட்டியவள் அவள்தானே. பல்லால் நாரை அறுத்தாள். துணியைப் பிரித்தாள். பிள்ளையின் வெள்ளைத் தோலில் சதுரமாக ஒரு ஜன்னல். பெருவிரல் நகமளவு. மூடி ஒட்டிக்கொண்டு ஆறியிருந்தது. ஓரத்தில் ஒரு சீவலின் நுனி, கறுத்து, வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"யாரு... யாரு மகள் இத வெட்டின?"

"வாப்பா. ஒரு சொட்டு நொந்திச்சி. பொறகு நோவல்ல."

"உள்ளுக்கு என்னத்த வெச்ச?"

ரபீகா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இது தெரியாதா என்பது மாதிரி பார்த்தாள்.

"உம்மாட தோல்."

கூரைமேல் மழை கொட்டியது.

"நீங்க நித்திர கொள்ளக்குள்ள வாப்பா எடுத்த. நான் லாம்பு புடிச்ச. நீங்க எழும்பவே இல்ல உம்மா."

கதவு தள்ளப்பட்டது. நளீர் நின்றான். சாரம் முழங்காலுக்கு மேலே மடிந்து, தலையிலிருந்து தண்ணீர் வழிய, கையில் சுரண்டுகிற கத்தியோடு நின்றான். அவளையும் அவள் மடியில் இருந்த பிள்ளையையும் கண்டதும் அவன் முகம் போன போக்கை ருக்கியா கண்டாள்.

"புள்ளய உடு" என்றான். "ருக்கி, அல்லாஹ்வுக்காகச் சொல்றன், கைய எடு. ரபீகா, இஞ்சால வா. உம்மாவத் தொடாத."

"கிட்ட வந்தா கத்துவன்! ஊரக் கூட்டுவன்! பெத்த புள்ளயப் போய் மரம் மாதிரி..."

"புள்ளயில மொதல் வெட்டல்ல." கத்தியைத் தரையில் போட்டான். குரல் உடைந்து வந்தது. "ஒன்ட முதுகுலதான் மொதல் சுரண்டின. கழுத்துக்குக் கீழ ஒரு நெறம் கண்ட, அதான். நீ நெளியவும் இல்ல. ரெத்தமும் வரல்ல. கீழ கீழ சுரண்டிப் பாத்த, எல்லா எடத்திலயும் அதே நெறம். நான் யார்ட்ட போய்ச் சொல்ல? ஒன்னய எங்க கொண்டுபோய்ப் புதைக்கச் சொல்லுவாங்க? மூக்காயி வாசத்திலயே கண்டுபுடிச்சிட்டா, அவட கால்ல உழாத கொறயாச் சொல்லி வெச்சீக்கிறன். புள்ளக்காவது புடிக்குதா எண்டு பாக்கோணும் இல்லயா? வெச்சுப் பாத்த. ஜன்னலோட நிண்டிட்டு. ஓடல்ல."

"ஓடல்லண்டா பொறகு ஏன் பிரிச்சி வெக்கிற?"

"அது காஞ்ச நாள் ருக்கி. காஞ்ச நாள்ல நிண்ட மரம் எத்தன மழைக்கி உழுந்தீக்கி, நீ பாக்கல்லயா? ஈரத்துலதான் அது ஓடும். மழை முடியிற மட்டும், அவ்வளவுதான், மழை முடியிற மட்டும் தள்ளி இரி."

ருக்கியா கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவள் மனம் கல்லாகியது. மூளை கலங்கிவிட்டது இந்த மனுஷனுக்கு. மரத்தைப் பார்த்துப் பார்த்து, சுரண்டிச் சுரண்டி, கண்ட இடமெல்லாம் புற்றாகத் தெரிகிறது. இன்றைக்கு ஜன்னல் வெட்டினவன் நாளைக்குக் கோடரி எடுப்பான். மூத்தவனைக் காய்ச்சலிடம் விட்டது போதாதா! பைத்தியக்காரனிடம் சண்டை பிடித்துப் பயனில்லை. ருக்கியா பிள்ளையைத் தரையில் இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி" என்றாள். "நான் தள்ளி ஈக்கிறன். புள்ள காலையிலேருந்து ஒண்டும் தின்னல்ல. கொஞ்சம் பால் காச்சிக் குடுங்க."

நளீர் அப்படியே அழுதுவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனான். அவன் குனிந்து அடுப்பை ஊதும் சத்தம் கேட்டதும் ருக்கியா குசினிக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டாள். பிள்ளையைத் தூக்கினாள். ஓடினாள். பின்னால் கதவை அவன் இரண்டு கையாலும் அடிப்பதும், அவள் பேரைச் சொல்லிக் கத்துவதும் கேட்டன. மழை அதை விழுங்கிவிட்டது.

அம்பிட்டியவில் அவளுடைய ராத்தா உம்மு குல்சும் இருக்கிறாள். அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், மச்சான் பார்த்துக்கொள்வார். பெரிய ரோட்டில் தேங்காய் ஏற்றிக்கொண்டு போன ஒரு மாட்டுக்கரத்தையை மறித்து ஏறினாள். ஓலைக் கூடாரத்துக்குள்ளும் ஒழுகியது. ரபீகா தொப்பலாக நனைந்து பல் கிடுகிடுக்க நடுங்கினாள். ருக்கியா அவளுடைய ஈரச் சட்டையைக் கழற்றித் தன் சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் கன்னம் அவள் கழுத்து மடிப்பில் புதைந்தது. சின்ன முதுகில் உள்ளங்கையை விரித்து வைத்துத் தேய்த்தாள், சூடேறட்டும் என்று. மாட்டின் மணி, சக்கரம் சேற்றை உறிஞ்சும் சத்தம், முள்முருங்கை மரங்களிலிருந்து சொட்டும் தண்ணீர். ஈரம் எது, மழை எது, தன் வியர்வை எது, பிள்ளையின் வியர்வை எது என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் ஒன்றாகியிருந்தது. ரபீகா நடுங்குவதை நிறுத்தித் தூங்கிப்போனாள். ருக்கியாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் பிள்ளை என்னிடம்.

வண்டி மேடு ஏறுகிற இடத்தில் கரத்தைக்காரன் திரும்பிப் பார்த்தான். மூக்கைச் சுருக்கினான்.

"கருவாடு கட்டிக்கிட்டுப் போறீங்களாம்மா?"

ருக்கியா வாயைத் திறந்தாள். "ஓம்" என்றாள்.

மடியில் ஒன்றும் இல்லை. பொட்டலம் இல்லை. பை இல்லை.

அவன் மாட்டை அதட்டினான். அவள் பிள்ளையின் முதுகிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பார்க்க வேண்டாம் என்று மனம் சொன்னது. பைத்தியத்தின் பேச்சு அது, அதைக் கேட்டு நீயும் தடவிப் பார்ப்பாயா? கையைப் பின்னால் கொண்டுபோனாள். கழுத்துக்குக் கீழே. சட்டைக்குள்.

ஒரு மூலை.

சதுரத்தின் மூலை. விரல் அதன் ஓரம் வழியாக நகர்ந்தது. நகத்தால் தள்ளினாள், மூடி திறந்துகொண்டது. நோவே இல்லை. அதற்குக் கீழே இன்னொன்று. பக்கத்தில் இன்னொன்று. விரல் முதல் கணுவரைக்கும் உள்ளே போனது. உள்ளே குளிர்ச்சி. ஈரம். மெத்து. தன் உடம்பு என்று தோன்றவில்லை. விரலை வெளியே எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

ஓலைக் கூடாரத்தின் வாய்வழியாக வந்த கடைசி வெளிச்சத்தில் விரல் நுனி மங்குஸ்தான் நிறத்தில் இருந்தது.

பிள்ளை! அவள் பிள்ளையை உதறினாள். நெஞ்சிலிருந்து பிய்த்து எடுத்து அந்தப் பக்கத்துச் சாக்கின்மேல் போட்டாள். ரபீகா விழித்து வீறிட்டாள். "குளிருது உம்மா, குளிருது!" ருக்கியா கூடாரத்தின் மூலைக்கு ஒதுங்கினாள். இரண்டு கையையும் தன் கக்கத்துக்குள் திணித்துக்கொண்டாள். பிள்ளை கையை நீட்டி நீட்டி அழுதாள். பார்க்க முடியாமல் ருக்கியா கண்ணை இறுக்கி மூடினாள். யா அல்லாஹ், ஒரு நேரம்தானே. கொஞ்ச நேரம்தானே அணைத்திருந்தேன். பிடித்திருக்காது. ஜன்னலோடு நின்றுவிட்டது என்றாரே. ஓடவில்லை என்றாரே.

அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடிகிற நேரம் அம்பிட்டியவில் இறங்கினார்கள். பிள்ளையை அவள் தூக்கவில்லை. கரத்தைக்காரன் ஒரு சாக்கால் சுற்றித் தூக்கி வாசலில் விட்டான். உம்மு குல்சும் லாம்போடு ஓடிவந்தாள்.

"என்ன கோலம் இது புள்ள? மழைக்குள்ள, கட்டின துணியோட! அடிச்சானா? அந்த நளீர் அடிச்சானா ஒனக்கு?"

"புள்ளயப் பாருங்க ராத்தா" என்றாள் ருக்கியா. அவள் வாசற்படியோடு நின்றுவிட்டாள். சுவரில் சாய்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "எனக்கிட்ட வராதீங்க. புள்ளயப் பாருங்க. வெளிச்சத்துல பாருங்க."

உம்மு குல்சும் ஒன்றும் விளங்காமல் பிள்ளையைக் கதிரையில் நிறுத்தி, சுற்றியிருந்த ஈரச் சாக்கை உரித்துவிட்டு, துவாயால் துடைக்கத் தொடங்கினாள். மேல்கையைத் துடைத்தாள். அந்த ஜன்னல் ஆறித்தான் இருந்தது. ருக்கியாவுக்கு மூச்சு வந்தது. ராத்தா பிள்ளையைத் திருப்பினாள். லாம்பைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"யாரு அறஞ்ச இந்தப் புள்ளக்கி?" என்றாள். "அஞ்சு வெரலும் பதிஞ்சீக்கே!"

சின்ன முதுகில் ஒரு கை. உள்ளங்கையும் விரல்களும். மங்குஸ்தான் தோலைப் பிழிந்த நிறம். ஓரங்கள் வெட்டி ஒட்டினது போலத் தெளிவாக இருந்தன. கன்னத்தில் ஒரு வட்டம். ராத்தா இரக்கத்தோடு பெருவிரலால் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பெருவிரல் உள்ளே இறங்கியது.

ராத்தா கையை எடுத்தாள். எடுத்த இடத்தில் குழி நின்றது, மூடிக்கொள்ளவில்லை. ராத்தா லாம்பைக் கீழே வைத்தாள். ஒரு அடி பின்னால் போனாள், இன்னொரு அடி போனாள். கதிரையில் நின்ற பிள்ளைக்கு நோவவே இல்லை. ராத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"உம்மா!"

கதிரையிலிருந்து சறுக்கி இறங்கினாள்.

"வராத" என்றாள் ருக்கியா. "வராத மகள். அங்கேயே நில்லு. நில்லு தங்கம்."

பின்னால் சுவர். கையை இன்னும் பின்னால் கட்டினாள்.

"தூக்குங்க உம்மா."

"ராத்தா, புடிங்க அவள! புடிங்க!"

ராத்தா அசையவில்லை. ரபீகா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். கூடத்தைத் தாண்டி, ஈரக் காலடிகள் சிமெந்தில் பதிய ஓடிவந்து உம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ஈரப் புடவையில் முகத்தைப் புதைத்தாள். ருக்கியா சுவரோடு சுவராக ஒட்டி, முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஓடிவந்த இளைப்பு அடங்கிப் பிள்ளையின் மூச்சு சீராவது கேட்டது.

கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தபோது அவள் கை பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.